உன் பக்கச் சரிவு

மார்ச் 3

அன்புள்ள பீச்சாங்கைக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் அக்காவும் சகலையும் நலமாகத்தான் இருப்பீர்கள். கோபித்துக்கொண்டு போனவர்களுக்கு ஒருநாளும் தலைவலி வருவதில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சகலையைக் கூப்பிட்டால் தன் பட்டறை இரும்புக் கேட் விலை, கிரில் விலை எல்லாம் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அதனால்தான் கல்யாணமான புதிதில் எழுதியதற்குப் பிறகு இப்போது பேனா எடுத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். கத்தியில் உன் பக்கம் எனக்கு வரவில்லை.

என் பக்கத்தில் குறையில்லை. வலக்கையில் பிடியைப் பிடித்து அலகைச் சாணை கிரைண்டரின் பெல்ட்டில் வைத்து இழுத்தால், சரிவு கூர் விளிம்பிலிருந்து முதுகு வரை ஒரே தளமாக ஏறுகிறது. அலகைத் திருப்பி, பிடியை இடக்கைக்கு மாற்றினால் போச்சு. பிடிக்குப் பக்கத்தில் சரிவு தொடங்குகிற கோடு என் பக்கத்தில் ஓரிடத்தில் நிற்கிறது, உன் பக்கத்தில் அரை விரல் தள்ளி நிற்கிறது. நடுவில் பள்ளம் விழுகிறது. நுனி சூடேறி நீலம் பாய்கிறது. சமப்படுத்தலாம் என்று இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் தேய்த்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, நேற்று ஒரு நல்ல எஃகுத் தகடு பென்சில் சீவக்கூட உதவாமல் போனது.

பெல்ட் சரியில்லையோ என்று மாற்றினேன். மோட்டார் ஆடுகிறதோ என்று நட்டையெல்லாம் முறுக்கினேன். உன் பக்கத்து விளக்கைத் தள்ளி வைத்தும் பார்த்தாயிற்று.

எல்லாப் பட்டறையிலும் ஒரே ஆள் இரண்டு பக்கத்தையும் தேய்த்துப் பழகுகிறான். நீ இடக்கைக்காரியாக வந்து வாய்த்தாய். "அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்று விளையாட்டாகத்தான் பிரித்துக்கொண்டோம். உன் பக்கத்தை நானும், என் பக்கத்தை நீயும் பிறகு தொடவே இல்லை. அது இப்படி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

ஆகவே நீ எப்படி நிற்பாய், எந்த முழங்கையை விலாவோடு ஒட்டுவாய், நுனிக்கு வரும்போது பிடியை எப்போது தூக்குவாய் என்று விவரமாக எழுது. ஹோட்டல் செஃப் புதுச் சமையலறைக்கு ஒரு முழு செட் கேட்டிருக்கிறார்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் எங்கே வைத்தாய்?

இப்படிக்கு,
மேஸ்திரி

மார்ச் 9

மேஸ்திரி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழங்கை நலம். அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. பரவாயில்லை, அவளும் இருக்கிறாள்.

நான் ஏன் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். தெரியாமலே இருந்தாலும் இருக்கும். சொல்லிவிடுகிறேன்.

அந்த செஃப் முதல் தடவை பட்டறைக்கு வந்தார். நான் முகமூடியைக் கழுத்தில் இறக்கிவிட்டு, கண்ணிமை வரைக்கும் எஃகுத் தூளோடு நின்றேன். அவர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கே, இது எப்படிங்க வருது?" என்றார். "பழக்கம்தான் சார்" என்றீர்கள். என்னைக் காட்டி, "இவங்க?" என்றார். "வீட்டுக்காரம்மா. கத்தியெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைச்சு வைப்பாங்க" என்றீர்கள். அவர் எனக்கு ஒரு வணக்கம் போட்டு, "அதுவும் முக்கியமான வேலைதாம்மா" என்றார்.

அவர் நல்ல மனிதர். எனக்கு ஆறுதல் சொன்னார். நான் செய்யாத வேலைக்கு ஆறுதல்.

நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கை ஓங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். இது எதிலும் சேராமல் இருந்தது. அந்தக் கத்தியில் பாதி நான். எதிரே நின்று என்னைத் துடைத்துப் போட்டீர்கள். அதனால்தான் மறுநாள் பஸ் ஏறினேன்.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி. "ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் மனைவி." அதை அந்த செஃபிடம் சொல்லிவிட்டு வந்து கூப்பிடுங்கள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன். வேறு எந்தப் பேச்சும் எனக்கு வேண்டாம்.

இனி நீங்கள் கேட்டது. இரண்டு முழங்கையையும் விலாவோடு பூட்டிக்கொள்ளுங்கள். கையால் இழுக்காதீர்கள், இடுப்பால் நகருங்கள். கண்ணால் தேடாதீர்கள், காதால் கேளுங்கள். தளம் முழுக்கப் படும்போது சத்தம் ஒரே சீராக இருக்கும். ஓரம் மட்டும் பட்டால் கீச்சென்று கத்தும். நுனி வளையத் தொடங்குவதற்கு முன்பே பிடியைத் தூக்க வேண்டும். வளைவு வந்த பிறகு தூக்கினால் தாமதம். எதற்கும் இதுதான் விதி என்று நினைக்கிறேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மோட்டாரை விட்டுவிடுங்கள், பாவம்.

வாஷர் தையல் பெட்டியில் இருக்கிறது.

இப்படிக்கு,
எண்ணெய் போட்டுத் துடைப்பவள்

மார்ச் 15

அன்புள்ள பீச்சாங்கைக்கு,

வாஷர் கிடைத்தது, குழாய் நின்றுவிட்டது. உன் கோபம்தான் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

ஒரு வாய்ப்பேச்சுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? ஆள் வந்து நின்ற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். எண்ணெய் போட்டுத் துடைப்பது நீ இல்லையா? பொய்யா சொல்லிவிட்டேன்? தொழிலில் நெளிவு சுளிவு இருக்கிறது. கத்தி வாங்குகிறவன் ஒரு கையைத்தான் நம்புவான். இரண்டு பேர் சேர்ந்து தேய்த்தது என்று சொன்னால், "அப்போ நாளைக்கு ஒருத்தர் இல்லைன்னா?" என்று கேட்பான். கேட்டால் என்ன பதில் சொல்வது? இப்போதே பதில் இல்லாமல்தானே திருதிருவென்று முழிக்கிறேன்.

நமக்குப் பிறந்ததெல்லாம் கத்திதான் என்று நீதான் எல்லாரிடமும் சொல்வாய். எந்தப் பிள்ளைக்கு அம்மாவின் முதலெழுத்தைப் போடுகிறார்கள்? அப்பன் முதலெழுத்துதான் போடுகிறார்கள். அதற்காக ஊரில் உள்ள அம்மாக்கள் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்களா?

நீ எழுதியபடி செய்து பார்த்தேன். காதால் கேட்கச் சொன்னாயே என்று கண்ணை மூடிக் கேட்டேன். கட்டைவிரல் நகம் பாதி போய்விட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

செஃப் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். ஆகவே ஒரு காரியம் செய்திருக்கிறேன். செட்டில் உள்ள எல்லா அலகிலும் என் பக்கத்தை முடித்துவிட்டு, பார்சலில் உனக்கு அனுப்புகிறேன். சகலை பட்டறையில் கிரைண்டர் இருக்கும். கேட்டுக்குப் பூ வைக்கிற வேலையை ஒதுக்கிவிட்டு உனக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல். உன் பக்கத்தை முடித்து அனுப்பு. கோபம் என் மேல்தானே, கத்தி மேல் இல்லையே.

நீளமான அலகைப் பத்திரமாகப் பார். அந்த எஃகு இனிமேல் கிடைக்காது.

இப்படிக்கு,
மேஸ்திரி

மார்ச் 22

மேஸ்திரிக்கு,

பிள்ளைக்கு அப்பன் முதலெழுத்து இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் எந்த அப்பனும் பெற்றவளைக் காட்டி, "இவங்க பிள்ளையைக் குளிப்பாட்ட வர்றவங்க" என்று சொல்வதில்லை.

பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அக்காவும் அதைத்தான் சொன்னாள். "வெக்கமா இல்லையாடி? துடைக்கிறவதானே நீ, நல்லாத் துடைச்சு அனுப்பு" என்றாள். நானும் சரி என்றுதான் கயிற்றைப் பிடித்தேன். கை சும்மா இருக்கவில்லை. ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். பிடித்ததுதான் தப்பு.

முதல் இரண்டிலும் ஒன்றும் சொல்வதற்கில்லை. நீளமான அலகில், நடுவுக்குக் கொஞ்சம் முன்னால், விரல் வைத்தால் மட்டும் தெரிகிற ஒரு தாழ்வு இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் கால் மாற்றி நின்றிருக்கிறீர்கள். முட்டி மறுபடியும் வலிக்கிறதா? சின்னக் கத்தியில் சரிவு அவசர அவசரமாக ஏறியிருக்கிறது. அது சாப்பிடாமல் செய்த வேலை. பசி வந்தால்தான் நீங்கள் அழுத்துவீர்கள், கோபத்தில்கூட அழுத்த மாட்டீர்கள். கடைசி அலகில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து செய்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

அத்தானுடைய கிரைண்டர் இரும்புக் குழாயின் பிசிறை எடுக்கிற முரட்டு யந்திரம். வேகத்தைக் குறைக்க வழியே இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் வாளியில் முக்கி, கட்டைவிரலால் சூடு பார்த்து, மறுபடி வைத்து, கழுத்து ஒடிந்துவிட்டது. உங்கள் கோடு எங்கே நிற்கிறதோ அதற்கு நேரே என் கோட்டையும் நிறுத்தினேன். நீளமான அலகில் உங்கள் பக்கம் தாழ்ந்திருந்த இடத்தில் என் பக்கத்தையும் ஒரு மயிரிழை தாழ்த்தினேன். இப்போது பார்த்தால் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். உங்கள் குறையை இப்படித்தான் நான் எப்போதும் மறைத்து வந்திருக்கிறேன். நீங்கள் கவனித்ததில்லை.

அத்தான் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "ஏம்மா, இந்தப் பக்கம் முழுக்க நீயேவா செய்யறே? சகலை என்கிட்ட எல்லாம் தானே செய்யறதாத்தானே…" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். என் கூடப்பிறந்தவள் வீட்டிலேயே இதுதான் நிலைமை. என் பக்கத்தை நான்தான் செய்கிறேன் என்பது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களும் சொல்லாவிட்டால் நான் இத்தனை வருஷம் எதையும் செய்யவில்லை என்றுதான் ஆகும். இதுதான் என் பயம். வீம்பு என்று நினைக்காதீர்கள்.

வந்து கூப்பிட வேண்டாம், அதை விட்டுக்கொடுக்கிறேன். கத்திகளைக் கொடுக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பீச்சாங்கை

மார்ச் 30

என் பீச்சாங்கைக்கு,

முட்டி வலி உனக்கு எப்படித் தெரிந்தது? டாக்டரே படம் எடுத்துப் பார்த்துத்தான் சொன்னார். அலகைத் தடவியே இவ்வளவு கண்டுபிடிக்கிறவளிடம் ஒரு மனிதன் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

கத்திகளுக்கு மரப்பிடி போட்டு, எண்ணெய் தடவி (நானேதான் தடவினேன், எழுதி வைத்துக்கொள்), புதுச் சமையலறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாம் எவர்சில்வர் மேஜை, கண் கூசுகிறது. செஃப் நீளக் கத்தியை எடுத்து ஒரு தக்காளியின் மேல் சும்மா வைத்தார். அழுத்தவே இல்லை, இரண்டாகப் போனது. உடனே தன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தி, "ரெண்டு பக்கமும் பாருங்கடா, ஒரே கை வேலை!" என்று காட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் என் தோளில் கையைப் போட்டுவிட்டார். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் "ஒரே கை இல்லீங்க" என்று எப்படிச் சொல்வேன்? அவருக்கும் அவமானம், எனக்கும் அவமானம். அடுத்த மாதம் ஒரு நாள் பட்டறைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். தனியாக வருவார். அப்போது கட்டாயம் சொல்லிவிடுகிறேன். உனக்கே தெரியும், கூட்டத்தில் எனக்குப் பேச வராது.

பட்டறையில் நீ நிற்கிற பலகை அப்படியே கிடக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் தேநீர் போட்டுவிட்டு, உன்னுடையதை ஆறின பிறகு நானே குடிக்கிறேன். கிரைண்டரை நிறுத்தினால் வீடு ஓவென்று இருக்கிறது. அதனால் வேலை இல்லாவிட்டாலும் சில நேரம் சும்மா ஓடவிடுகிறேன்.

செஃபுடைய சிநேகிதர் ஒருவரும் இதே மாதிரி செட் கேட்டிருக்கிறார். உடனே வேண்டுமாம்.

எனக்கு எழுத வராது. வா. வந்துவிடு. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் மேஸ்திரி

ஏப்ரல் 6

என் மேஸ்திரிக்கு,

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

அக்கா உங்கள் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி வாசித்தாள். "எங்கடி அந்த வரி? சொன்னாரா இல்லையா?" என்றாள். "சொல்லுவாரு, வாயைத் திறந்திருக்காரு பாரு" என்றேன். "வாயைத் திறந்தா போதுமா? மீன்கூடத்தான் திறக்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவருக்குச் சபையில பேச வராதுக்கா. எங்க கல்யாணத்துலயே வந்தவங்களை வாங்கன்னு சொல்ல வராம கையை மட்டும் ஆட்டினவரு. அதெல்லாம் உனக்குப் புரியாது" என்று உங்களுக்காக அவளோடு சண்டை போட்டேன். இரண்டு நாளாக எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அத்தான்தான் நடுவில் தூது போகிறார்.

முட்டி வலிக்கிற மனிதரிடம் ஒரு வரிக்காக எத்தனை நாள் விறைத்துக்கொண்டு இருப்பது? செஃப் பட்டறைக்கு வரும்போது சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அப்போது நானும் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி தேநீர் போடப் போய்விடுவேன், பயப்படாதீர்கள்.

சிநேகிதர் செட்டுக்கு உங்கள் பக்கத்தை இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். நான் வந்ததும் முதல் அலகிலிருந்து சேர்ந்தே செய்யலாம். கடைசி மெருகுக்குப் போடுகிற நயம் பெல்ட் தீர்ந்திருக்கும், வாங்கி வையுங்கள். பலகையை நீங்கள் துடைக்க வேண்டாம், பாதி அழுக்கை விட்டுவிடுவீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு வர வேண்டாம், முட்டியை வைத்துக்கொண்டு. வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பீச்சாங்கை

ஏப்ரல் 6

அன்புள்ள பீச்சாங்கைக்கு,

உனக்கு ஒரு நல்ல சேதி. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல ஒரு காரியம் நடந்திருக்கிறது.

பெல்ட் வாங்கப் போன கடையில் ஒருவரைப் பார்த்தேன். தோல் ஆலையில் தோல் வெட்டுகிற கத்திகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தவர். ஆலையை மூடிவிட்டார்கள். கடைக்காரரிடம் வேலை விசாரித்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே ஒரு பெல்ட்டை எடுத்துப் பார்த்தார். இடக்கையால் எடுத்தார்! அங்கேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர், நிதானமான மனிதர், அதிகம் பேச மாட்டார். இடக்கையார் என்று பேர் வைத்திருக்கிறேன்.

உன் பலகையில் நிறுத்தி, உன் ஏப்ரனைக் கொடுத்து, சிநேகிதர் செட்டில் ஒரு அலகைக் கையில் கொடுத்தேன். முதல் அலகில் கொஞ்சம் தடுமாறினார். இரண்டாவது அலகில் கோடு கோட்டுக்கு நேரே வந்து நின்றது. நான் எவ்வளவு நிம்மதி அடைந்தேன் என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

இன்னொரு விசேஷம். அவர் வேலைக்கு வந்த மறுநாளே செஃப் தன் சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேரும் பின்னால் நின்று நாங்கள் தேய்ப்பதைப் பார்த்தார்கள். "இவர் யாருங்க?" என்றார் செஃப். நான் சும்மா இருப்பேனா? "ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் இவரு. ரெண்டு கை சேர்ந்தாத்தான் சார் இந்தக் கத்தி" என்றேன். செஃப் அசந்து போய், அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவம், மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. உழைக்கிறவனைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

ஆகவே நீ அடித்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். போன கடிதத்தில் அவசரத்தில் வா வா என்று எழுதிவிட்டேன். அக்காவோடு நன்றாக இருந்துவிட்டு, மனசு ஆறிய பிறகு வா. இனிமேல் உனக்கு அந்தத் தூசி வேண்டாம், அந்தச் சத்தம் வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொண்டு ராணி மாதிரி இருக்கலாம். இத்தனை வருஷம் கஷ்டப்பட்ட கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்காதா?

சகலையிடம் சொல், அவர் கிரைண்டருக்கு வேகம் குறைக்கும் சுவிட்ச் ஒன்று இங்கே கிடைக்கிறது.

இப்படிக்கு,
உன் மேஸ்திரி

ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை

மேஸ்திரி அவர்களுக்கு,

பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை தாண்டும்போது தபால்காரர் எதிரே வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். நான் வருகிறேன் என்று எழுதிய அதே நாளில் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். பஸ் போய்விட்டது. என் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருந்தால் இந்நேரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள். கிடைக்காவிட்டால் இடக்கையாரோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். எதுவாக இருந்தாலும் நான் வரவில்லை.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் இவரு." நான் கேட்டது அச்சு அசலாக அதே வரிதான். நீங்கள் அதை மறக்கவில்லை. கூட்டிக் குறைக்காமல், சொல்ல வேண்டிய ஆளிடமே சொல்லியிருக்கிறீர்கள். என்னைச் சொல்லவில்லை.

உங்களுக்குப் பேச வராது என்று அக்காவிடம் சண்டை போட்டேன். உங்களுக்கு நன்றாகவே பேச வருகிறது. வேலைக்கு வந்த மறுநாளே ஒரு மனிதரின் கண் கலங்குகிற மாதிரிப் பேச வருகிறது. இரண்டு கை என்று சொன்னால் வாங்குகிறவன் நம்ப மாட்டான் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். நம்பினான், கையைப் பிடித்துக் குலுக்கினான். தொழிலில் ஒரு நெளிவும் இல்லை, சுளிவும் இல்லை. சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதான். வெளியாள் செய்தால் உழைப்பு. நான் செய்தால் அது வீட்டு வேலை, அதற்குப் பேர் தேவையில்லை. இதைக்கூட நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்ல சேதி என்று நினைத்துத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடுத்தெருவில் நின்று அழுதேன். அக்கா வந்து பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருக்கலாம்.

இடக்கையார் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் சொல்லுங்கள், அந்தப் பலகை என் உயரத்துக்குப் போட்டது. அவர் உயரமானவராக இருந்தால் அதை எடுத்துவிட்டு நிற்கட்டும், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் இடுப்பு போய்விடும். ஏப்ரன் அவரிடமே இருக்கட்டும். உங்கள் பக்கம் தாழ்ந்து வருகிற இடங்களில் அவர் தன் பக்கத்தைத் தாழ்த்த மாட்டார். அவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அவர் வேலை அது இல்லை. இனிமேல் உங்கள் குறை வெளியே தெரியும். முட்டியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ராணி மாதிரி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டாம்.

இன்று மத்தியானம் அத்தானிடம் ஒரு இரும்புப் பட்டை வாங்கி, பிடியை வலக்கையில் பிடித்து, உங்கள் பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தேன். கேவலமாக வந்தது. கோடு கோணல், நடுவில் பள்ளம், நுனி நீலம். நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்ததெல்லாம் அப்படியே. அத்தான், "வலக்கைக்காரன் ஒருத்தனை எங்கேயாவது பார்ப்போமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு இன்னொரு பட்டை கேட்டிருக்கிறேன்.

இனிமேல் அலகு எதுவும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் வந்தபடியே, ஒரு பக்கத்தோடேயே திரும்பி வரும்.

இப்படிக்கு,
நான்